ஃபயர் பிளானில் ‘எச்’ என்றால் என்ன? பாதிக் குறிகள் பொருந்தவில்லை, உதவுங்கள்

நெல்லை_கேடட்

எல்லோருக்கும் வணக்கம். பல்க் கேரியர் (மொத்தச் சரக்கு ஏற்றும் கப்பல்) ஒன்றில் டெக் கேடட்டாக (பயிற்சி அதிகாரி) சேர்ந்து ஏழு வாரம் ஆகிறது. 2002-ல் கட்டிய கப்பல். அகாமடேஷன் (தங்கும் பகுதி) சுவரில் மாட்டியிருக்கும் ஃபயர் பிளானில் (தீயணைப்புக் கருவிகள் எங்கெங்கே என்று காட்டும் வரைபடம்) எந்தக் குறியைத் தொட்டாலும் அது என்ன என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கேட்பேன் என்று சீஃப் ஆபிசர் கெடு வைத்துவிட்டார். கல்லூரியில் தந்த நோட்ஸை வைத்து நூறு குறி வரை உருப்போட்டேன். பிளானுக்கு முன்னால் போய் நின்றால் பாதி வேறு மாதிரி இருக்கிறது.

ஒன்று மட்டும் தூங்கவிடவில்லை. பிளானின் ஓரத்தில் உள்ள விளக்கப் பட்டியலில் ‘எச்’ என்ற எழுத்தோடு சிலிண்டர் படம் இருக்கிறது. ஹைட்ரண்ட் (ஹோஸ் மாட்டும் தண்ணீர்க் குழாய் முனை) என்று நினைத்து தேர்ட் மேட்டிடம் சொன்னேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். எல்லா டெக்கிலும் தேடினேன், பிளானில் அந்தக் குறி எங்குமே இல்லை. பட்டியலில் மட்டும் இருக்கிறது.

அது போக, சுவரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஒரு படம், பிளானில் வேறு படம். எதைப் படிப்பது?

பழைய_மேட்

தம்பி, அந்த ‘எச்’ ஹாலான், தீயை அணைக்கும் ஒரு வாயு. நீ பிறப்பதற்கு முந்தைய சமாச்சாரம். ஓசோன் படலத்துக்குக் கேடு என்று 1994 அக்டோபர் 1 முதல் கப்பல்களில் புதிதாக ஹாலான் அமைப்பு வைக்கவே கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். உன் கப்பல் 2002. அதனால் உன் கப்பலில் அது இருக்க வழியே இல்லை. பிளான் வரைந்தவர் அப்போது நடப்பில் இருந்த குறிப் பட்டியலை முழுசாக ஓரத்தில் ஒட்டிவிட்டார், அவ்வளவுதான். தேர்ட் மேட் சிரித்ததற்குக் காரணம் அவருக்கும் தெரியாததாக இருக்கலாம்.

உன் நோட்ஸ் பொருந்தாததும் இதே கதைதான். ஐஎம்ஓ, அதாவது சர்வதேச கடல்சார் அமைப்பு, முதலில் 1989-ல் ஏ.654(16) என்ற தீர்மானத்தில் குறிகளைக் கொடுத்தது. 2003 டிசம்பரில் ஏ.952(23) வந்தது. 2004 ஜனவரி 1 முதல் கட்டிய கப்பலுக்குப் புதியது. அதற்கு முந்தைய கப்பல் பழையதையே வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. நீ படித்தது புதியது, நீ நிற்பது பழையதன் முன்னால். பிளானின் தலைப்புக் கட்டத்தில் எந்தத் தீர்மானத்தின்படி வரைந்தது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். முதலில் அதைப் போய்ப் பார்.

ஸ்டிக்கர் வேறு வம்சம். அது சுவரில் பொருள் இருக்கும் இடத்தைக் காட்டுவது. அதற்குத் தனியாக 2017-ல் ஏ.1116(30) வந்தது, 2019 ஜனவரி 1 முதல் கட்டும் கப்பல்களுக்கு. பழைய கப்பலிலும் ஸ்டிக்கர் உரிந்தால் கடையில் கிடைப்பதைத்தானே வாங்கி ஒட்டுகிறார்கள்? ஆகவே உன் கப்பலில் மூன்று தலைமுறைப் படங்கள் ஒன்றாகக் குடித்தனம் நடத்தினாலும் ஆச்சரியமில்லை.

நேராகப்பேசு

ஒரு சந்தேகம். பட்டியல்தான் அதே தாளில் இருக்கிறதே, எதற்காக உருப்போட வேண்டும்? தேவைப்படும்போது பார்த்துக்கொண்டால் போதாதா? சீஃப் ஆபிசருக்குக் கேடட்டைப் படுத்த வேண்டும், அதற்கு இது ஒரு சாக்கு.

பழைய_மேட்

சாக்காகவே இருக்கட்டும், நல்ல சாக்கு. எங்கள் கப்பலில் பிளான் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் நீளம், பட்டியல் வலது ஓரத்தில். என்ஜின் ரூமில் தீ என்றால் பிளாக் அவுட் ஆகியிருக்கலாம். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் வாக்கிடாக்கி. மூன்றாவது டெக்கில் ஒரு குறியைப் பார்த்துவிட்டு ஓரத்துக்கு நடந்து போய் அதை அறுபது வரிக்குள் தேடிப் பிடித்துத் திரும்பி வருவதற்குள் மாஸ்டர் நாலு தடவை கூப்பிட்டிருப்பார்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நூறு குறியையும் ஒரே தராசில் வைத்து உருப்போடுவது வீண். கேடட்கள் எல்லோரும் எக்ஸ்டிங்குவிஷரில் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள், சிவப்பாக எங்கும் தெரிவதால். எக்ஸ்டிங்குவிஷரைப் பிளான் இல்லாமலே கண்டுபிடித்துவிடலாம். நடந்து போனாலே காலில் இடிக்கும். தீ பெரிதான பிறகு தேடப்போவது அதை அல்ல. எதை அடைப்பது, எதை நிறுத்துவது? அதைச் சொல்லும் குறிகள்தான் முக்கியம். டேம்பர் (காற்றுக் குழாயை அடைக்கும் தகடு), வென்டிலேட்டர் மூடி, ஃபேன் ஸ்டாப், எண்ணெய் டேங்க்கின் குயிக் குளோசிங் வால்வ் (தூரத்தில் நின்றே சட்டென்று எண்ணெயை நிறுத்துவது). இவை பிளானில் சின்னதாக இருக்கும், நேரில் ஏதோ மூலையில் இருக்கும்.

வென்டிலேஷன் குறிகளின் பக்கத்தில் ஒற்றை எழுத்து பார்த்திருப்பாய். ஏ என்றால் அகாமடேஷனும் சர்வீஸ் அறைகளும். எம் மெஷினரி. சி கார்கோ. அந்த ஒரு எழுத்தை மாற்றிப் படித்தால் என்ஜின் ரூம் எரியும்போது நீ கேபின்களுக்குக் காற்றை அடைத்துக்கொண்டிருப்பாய்.

கருப்புக்கை_4இ

என்ஜின் பக்கத்தில் இருந்து ஒன்று. பழைய மேட் அண்ணன் சொன்னதோடு ஃபயர் மெயின் (தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்க் கோடு) ஐசொலேட்டிங் வால்வையும், அதாவது என்ஜின் ரூம் பகுதிக் குழாயை மற்றதில் இருந்து பிரிக்கும் வால்வையும் சேர்த்துக்கொள் தம்பி. குழாய்க் கோட்டின் நடுவே ஒரு வால்வ் குறி, பார்த்தால் ஒன்றுமில்லாதது போல இருக்கும்.

நான் ஃபோர்த் என்ஜினியராக இருந்த ஒரு டேங்கரில் ட்ரில். என்ஜின் ரூம் ஃபயர் என்று வைத்துக்கொண்டு எமர்ஜென்சி ஃபயர் பம்ப்பை ஓட்டினோம். பம்ப் நன்றாகத்தான் ஓடியது, பிரஷரும் காட்டியது. முன் டெக்கில் ஹோஸைத் திறந்தால் குழந்தை ஒன்றுக்குப் போகிற மாதிரி தண்ணீர். பத்து நிமிஷம் பம்ப்பைக் குறை சொன்னோம். கடைசியில் பார்த்தால் ஐசொலேட்டிங் வால்வை யாரும் மூடவில்லை. என்ஜின் ரூமுக்குள் யாரோ திறந்துவிட்டிருந்த ஹைட்ரண்ட் வழியாகத் தண்ணீர் முழுக்க பில்ஜுக்கு (கப்பலின் அடிப்பள்ளம்) போய்க்கொண்டிருந்தது. நிஜத் தீயாக இருந்திருந்தால் உள்ளே குழாய் வெடித்திருக்கும், யாரும் திறக்கவே வேண்டாம், அதே கதிதான்.

அந்த வால்வ் மெஷினரி ஸ்பேஸுக்கு வெளியே எட்டிப் பிடிக்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் கப்பலிலும் வெளியேதான் இருந்தது. பெயின்ட் அடித்து அடித்து வீல் இறுகிப் போய், முன்னால் ஒரு குப்பை டிரம் வேறு. பிளானில் அழகாக வரைந்திருந்தது.

ஓரல்ஸ்_பயம்

சிஓ2 குறிகள்தான் எனக்கு எப்போதும் குழப்பம். ஒரே அமைப்புக்கு எதற்கு மூன்று குறி? ஓரல்ஸில் (வாய்மொழித் தேர்வு) சர்வேயர் பிளானை விரித்து “சிஓ2 எங்கே?” என்று கேட்டார். என்ஜின் ரூமைக் காட்டினேன். “அங்கே போய்த் திறக்கப் போகிறாயா?” என்றார். அதோடு சரி, மறுபடி வரச் சொல்லிவிட்டார்.

பழைய_மேட்

நியாயமான கேள்விதான் கேட்டிருக்கிறார். மூன்றும் மூன்று இடம். சிலிண்டர்கள் கூட்டமாக நிற்கும் அறை ஒன்று, அது பேட்டரி குறி. இழுத்துவிடும் கைப்பிடிகள் உள்ள பெட்டி ஒன்று, அது ரிலீஸ் ஸ்டேஷன். வாயு போய்ச் சேரும் அறை ஒன்று, அது பாதுகாக்கப்படும் இடம் என்று குறித்திருக்கும். நீங்கள் காட்டியது மூன்றாவதை. அவர் கேட்டது முதல் இரண்டை.

ரிலீஸ் ஸ்டேஷனின் பெட்டியைத் திறந்தாலே அலாரம் அலற வேண்டும், என்ஜின் ரூம் ஃபேன்களும் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். இரண்டு கைப்பிடி. ஒன்று குழாய் வால்வைத் திறப்பது, மற்றது சிலிண்டர்களை விடுவிப்பது. வாயு உள்ளே போவதற்கு முன் ஆட்கள் வெளியேற குறைந்தது 20 விநாடி அலாரம் ஒலிக்க வேண்டும். விட ஆரம்பித்தால் 2 நிமிடத்தில் 85 சதவீதம் உள்ளே போய்விட வேண்டும். இதை எல்லாம் அந்தச் சின்னக் குறியே உனக்கு ஞாபகப்படுத்த வேண்டும், அப்போதுதான் படித்ததாக அர்த்தம்.

அப்புறம், டேம்பர் திறந்திருந்தால் அத்தனை சிலிண்டரும் வானத்துக்குத்தான். அதனால்தான் மூடும் குறிகளை முதலில் படி என்கிறேன்.

ஈடிஓ_கடலூர்

டிடெக்டர் குறியில் பலரும் செய்யும் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். புகை, வெப்பம், சுவாலை என மூன்றுக்கும் வேறு வேறு குறி. ஐஎம்ஓ அதற்கு வைத்திருக்கும் பெயரே ‘புகை டிடெக்டரால் கண்காணிக்கப்படும் இடம்’ என்கிற மாதிரிதான் இருக்கும். பல பிளான்களில் அறைக்கு ஒரு குறி போட்டு விட்டுவிடுவார்கள். கூரையில் அந்த முனையில் டிடெக்டர் தொங்குகிறது என்று பொருள் இல்லை. டிடெக்டரின் சரியான இடமும் லூப் (வயர் சுற்று) நம்பரும் வேண்டுமானால் அலாரம் பேனல் பக்கத்தில் இருக்கும் தனிப் படத்தைப் பார்க்க வேண்டும்.

கேலியில் (கப்பல் சமையலறை) ஏன் வெப்ப டிடெக்டர் என்று கேட்பார்கள். சமையல்காரர் தாளிக்கும் ஒவ்வொரு முறையும் கப்பல் முழுக்க ஓட வேண்டுமா? வெப்ப வகை 54 டிகிரிக்கு மேல், 78 டிகிரிக்குள் வேலை செய்ய வேண்டும். மாடிப்படி, காரிடார், தப்பிக்கும் வழிகளில் புகை வகை கட்டாயம். இதைப் புரிந்துகொண்டால் பிளானைப் பார்க்காமலே எங்கே எந்தக் குறி வரும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நம் கேலிகளில் மிளகாய் வற்றல் வறுத்தால் பக்கத்துக் காரிடாரின் புகை டிடெக்டர் அடிக்கும், அது வேறு விஷயம்.

நெல்லை_கேடட்

ரொம்ப நன்றி சார், அண்ணா. தலைப்புக் கட்டத்தில் பார்த்தேன், ஏ.654(16) என்றுதான் போட்டிருக்கிறது.

இன்னொரு கேள்வி. புதிய தீர்மானத்தில் எக்ஸ்டிங்குவிஷருக்கு எழுத்தும் நிறமும் இருக்கிறது. டபிள்யூ தண்ணீர் பச்சை, எஃப் நுரை மஞ்சள், பி பவுடர் வெள்ளை, சிஓ2 சாம்பல். ஆனால் நான் பார்க்கும் பவுடர் பாட்டிலில் நீலப் பட்டை. நுரைக்கு ஒரு மாதிரி கிரீம் கலர். எது சரி?

பழைய_மேட்

இரண்டும் சரி. பாட்டிலில் நீ பார்ப்பது பிரிட்டிஷ் பழக்கம். அங்கே பவுடருக்கு நீலம், நுரைக்கு கிரீம், சிஓ2-க்குக் கறுப்பு. பிளானின் நிறம் ஐஎம்ஓ சொன்னது. இரண்டுக்கும் உறவே இல்லை. பாட்டிலை எடுக்கும்போது அதன் மேல் எழுதியிருப்பதைப் படி, பிளானைப் பார்க்கும்போது எழுத்தைப் பார். நிறத்தை நம்பாதே. அதுவும் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படிக்கிறாய் என்றால் நிறம் எங்கிருந்து வரும்?

துறைமுகத்தீ

ஒரு துறைமுகத் தீயணைப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ரொம்ப நாளாக இங்கே படித்துவிட்டு மட்டும் போவேன். இந்த இழையில் ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும்.

நீங்கள் எல்லோரும் சுவரில் மாட்டியிருக்கும் பிளானைப் பற்றியே பேசுகிறீர்கள். அது உங்களுக்கு. எங்களுக்கானது வெளியே இருக்கிறது. டெக் ஹவுஸுக்கு வெளியே, மழை புகாத உறையில், கரையில் இருந்து வரும் தீயணைப்பு ஆட்களுக்கென்றே இன்னொரு செட் வைக்க வேண்டும் என்று சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) சொல்கிறது. இரண்டாம் அத்தியாயம் இரண்டாம் பகுதி, 15-ஆம் விதி. அந்த இடத்தைக் காட்டும் பலகையில் வெள்ளைப் பின்னணியில் சிவப்பாகக் கப்பல் உருவம் இருக்கும். நாங்கள் கேங்வே (கப்பலில் ஏறும் படி) ஏறியதும் கண் முதலில் தேடுவது அதைத்தான். தம்பி நூறு குறி உருப்போட்டதில் இது இருந்ததா?

நான் ஏறிய கப்பலில் எனக்கு எதுவும் தெரியாது. படிக்கட்டு எங்கே திரும்பும் என்றுகூடத் தெரியாது. கப்பல் ஆட்கள் பேசும் பாஷை எனக்கு வராது, என் பாஷை அவர்களுக்கு வராது. இருவருக்கும் பொதுவாக இருப்பது அந்தக் காகிதத்தில் உள்ள படங்கள்தான். குறிகளை உலகம் முழுக்க ஒன்றாக வைத்ததே இதற்குத்தான். விளக்கம் வேறு மொழியில் இருந்தால் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும் என்பதும் இதனால்தான். அப்படியும் கொரிய எழுத்து மட்டும் உள்ள பிளானை நான் விரித்துப் பார்த்திருக்கிறேன். குறிகள் இருந்ததால் பிழைத்தோம்.

பிளானை விரித்ததும் நான் முதலில் தேடும் குறி இன்டர்நேஷனல் ஷோர் கனெக்ஷன். கரைத் தண்ணீரை உங்கள் ஃபயர் மெயினுக்குள் ஏற்ற அது ஒன்றுதான் வழி. வெளி விட்டம் 178 மில்லிமீட்டர், உள் விட்டம் 64, நாலு துளை, 16 மில்லிமீட்டர் போல்ட் நாலு, வாஷர் எட்டு. உலகில் எந்தத் துறைமுகத்திலும் இதே அளவு. பிளானில் ஃபயர் ஸ்டேஷனுக்குள் இருப்பதாகக் காட்டியிருக்கும். போய்ப் பார்த்தால் ஃபிளேஞ்ச் இருக்கும், போல்ட் இருக்காது. யாரோ வேறு வேலைக்கு எடுத்துப் போயிருப்பார்கள்.

நேராகப்பேசு

ஐயா, இதெல்லாம் சரி. பிளான் சரியாக இருந்தால் மட்டும் எல்லாம் நல்லபடி முடிந்துவிடுமா? 2023-ல் நியூவர்க்கில் என்ன ஆனது?

துறைமுகத்தீ

நல்ல கேள்வி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2023 ஜூலை 5, அமெரிக்காவின் நியூவர்க் துறைமுகம், கிராண்டே கோஸ்டா தாவோரியோ என்ற கார் ஏற்றும் கப்பல். பழைய வண்டிகளைத் தள்ளி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு ஜீப்பில் தீ. கப்பல் ஆட்கள் சிஓ2 விட்டார்கள். ஆனால் 12-ஆம் டெக்கின் பெரிய கதவு திறந்தே இருந்தது. அதை மூடும் பேனல் எரிந்துகொண்டிருந்த பகுதிக்கு உள்ளேயே இருந்ததால் வெளியே இருந்து மூட முடியவில்லை. வாயு நிற்கவில்லை. உள்ளே போன நகரத் தீயணைப்பு வீரர்கள் இருவர் வழி தெரியாமல் மாட்டி இறந்தார்கள். அவர்களுக்குக் கப்பல் தீக்கான பயிற்சி போதவில்லை என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்னது.

பிளான் இருந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை தம்பி. மூடும் கதவு என்று குறி இருந்தால், எங்கே நின்று மூடுவது என்பதையும் போய்ப் பார்க்க வேண்டும். உள்ளே நின்றுதான் மூட முடியும் என்றால் அந்தக் குறி தீ நேரத்தில் வெறும் மை.

எங்களுக்குச் சித்திரை ஒன்று என்றால் வடை பாயாசத்துக்கு முன்னால் அணிவகுப்புதான். 1944 ஏப்ரல் 14-ல் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பல் வெடித்தது. பஞ்சும் வெடிபொருளும் ஒரே கப்பலில். தீயை அணைக்கப் போனவர்கள் அறுபதுக்கும் மேல் இறந்து போனார்கள். அந்த நாளைத்தான் தீயணைப்பு நாளாக வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வருஷமும் அங்கே நிற்கும்போது எனக்குள் ஒரே கேள்விதான் ஓடும். ஏறிப் போனவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று எவ்வளவு தெரிந்திருக்கும்?

நேராகப்பேசு

சரி ஐயா. என் முதல் பதிவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சீஃப் ஆபிசர் கேடட்டைப் படுத்துகிறார் என்பதை மட்டும் வாபஸ் வாங்கவில்லை.

கருப்புக்கை_4இ

கேடட் தம்பிக்கு ஒரு வழி சொல்கிறேன். நோட்ஸை மூடிவை. பிளானை டெக் வாரியாக போனில் படம் எடுத்துக்கொள். சாயங்காலம் ஒரு மணி நேரம், ஒரு நாளைக்கு ஒரு டெக். ஒவ்வொரு குறிக்கும் நேரில் போய் நின்று கை வைத்துப் பார். டேம்பர் என்றால் கைப்பிடி எந்தப் பக்கம் போனால் திறப்பு, எந்தப் பக்கம் மூடல் என்று பார். மூட எவ்வளவு பலம் வேண்டும் என்று பார், ஆனால் என்ஜின் ரூம் பக்கம் எங்களைக் கேட்காமல் எதையும் தொடாதே. போன மாதம் ஒரு கேடட் குயிக் குளோசிங் வால்வைச் சோதித்துப் பார்த்து ஜெனரேட்டர் நின்றுவிட்டது. அவன் இப்போது எல்லாக் குறியும் அறிவான்.

நெல்லை_கேடட்

(ஆறு நாள் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. 4இ அண்ணன் சொன்னபடி சுற்றினேன். கடைசி இரண்டு டெக் பாக்கி இருக்கும்போதே ஞாயிறு வந்துவிட்டது.

கண்டதைச் சொல்கிறேன். எமர்ஜென்சி ஃபயர் பம்ப் ஸ்டீயரிங் கியர் அறைக்குக் கீழே சரியாக இருக்கிறது. ஐசொலேட்டிங் வால்வைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிஷம். முன்னால் டிரம் இல்லை, ஆனால் மூரிங் கயிற்றுச் சுருள் இருந்தது. பூப் டெக்கில் (பின்பக்க மேல்தளம்) ஒரு ஃபேன் வென்டிலேட்டருக்குப் பிளானில் 7 என்று நம்பர், மூடியில் பெயின்ட்டால் 9 என்று எழுதியிருக்கிறது. கேலிக் கதவு தானாக மூடும் ஃபயர் டோர் என்று குறி, நேரில் கயிறு போட்டுக் கைப்பிடியில் கட்டியிருக்கிறார்கள். சமையல்காரரிடம் கேட்டேன். “தட்டு தூக்கிக்கொண்டு போகும்போது நீ வந்து திறப்பாயா?” என்றார்.

சிவப்புக் கப்பல் படம் போட்ட டியூப் இரண்டு, கேங்வே இறங்கும் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. போர்ட் (இடது) பக்கம் நன்றாக இருக்கிறது. ஸ்டார்போர்டு (வலது) டியூபைத் திறந்தேன், தண்ணீர் கொட்டியது. உள்ளே பிளான் ஊறி ஒரே கட்டியாக ஒட்டியிருந்தது.

சீஃப் ஆபிசர் குறி ஒன்றுகூடக் கேட்கவில்லை. இதை எல்லாம் சொன்னதும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, இதை அப்படியே எழுதிக் கொடு, ஃபேன் நம்பரை இன்றைக்கே சரிசெய்ய வேண்டும் என்றார். கேலிக்கு அவரே போனார். என்ன பேசினார் என்று தெரியவில்லை, மத்தியானம் சாம்பாரில் உப்பு கூட.

பழைய_மேட்

நல்லது. ஃபேன் நம்பர் சின்ன விஷயம் என்று நினைக்காதே. எந்த ஃபேன் எந்தப் பகுதிக்கு என்பதை நம்பரோடு பிளானில் காட்ட வேண்டும் என்றே விதியில் இருக்கிறது. எது தப்பு, பிளானா, பெயின்ட்டா என்று பார்த்தீர்களா?

நெல்லை_கேடட்

பெயின்ட்தான் தப்பு சார். டிரை டாக்கில் (கப்பலைத் தண்ணீருக்கு வெளியே வைத்துப் பழுதுபார்க்கும் இடம்) மூடிகளைக் கழற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். போசன் (டெக் ஆட்களின் மேஸ்திரி) 7 என்று மாற்றி எழுதிவிட்டார்.

துறைமுகத்தீ

டியூப் மூடியின் ரப்பர் வாஷரை மாற்றினீர்களா? புதுக் காகிதம் வைத்தாலும் அடுத்த மழைக்கு இதே கதைதான்.

நெல்லை_கேடட்

மாற்றிவிட்டோம் ஐயா. அடுத்த துறைமுகத்தில் லேமினேட் செய்த புதுப் பிரதி வருகிறது. அதுவரைக்கும் பிரிட்ஜில் (கப்பலைச் செலுத்தும் அறை) இருந்த உபரிப் பிரதி ஒன்றைப் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருக்கிறோம். ஊறிப்போனது லாண்டரி அறையில் கிளிப் போட்டுத் தொங்குகிறது. மூன்று டெக் பிரிந்து வந்துவிட்டது, மெயின் டெக் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.